ஐயா காலத்துக் கணக்கேட்டைப் படிப்பது எப்படி: செட்டிநாட்டு வீட்டுப் பெட்டியைத் திறக்கப் போகிறவர்களுக்கு

பெரிய வீட்டை விற்பதா, ஓடு மாற்றுவதா என்று பங்காளிகளுக்குள் பேச்சு எழுந்திருக்கும். உள்ளறையில் ஒரு இரும்புப் பெட்டி கிடக்கும். திறந்தால் நீள நீளமான ஏடுகள். முதல் பக்கத்தில் மேலே ‘உ’, அதன் கீழே ‘சிவமயம்’. அதற்கப்புறம் ஒரு வரி கூடப் புரியாது. தமிழ்தான், ஆனால் எண்கள் எதுவும் நாம் பள்ளியில் படித்தவை இல்லை.

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. படித்து முடிக்க ஏழு மாதமும் 11,000 ரூபாய்ச் சொச்சமும் ஆனது. அதில் மூன்று மாதமும் 7,000 ரூபாயும் சுத்தமாக வீண். என்ன தெரிந்திருந்தால் அது மிச்சமாகியிருக்குமோ, அதை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன். தமிழ் எண்கள் எங்கிருந்து வந்தன, யார் கண்டுபிடித்தார் என்பதெல்லாம் வேறு கட்டுரைக்கானது. இங்கே வேலை மட்டும்.

1. பெட்டியைத் தொடும் முன்

தனியாகத் திறக்காதீர்கள். பொது வீட்டுப் பெட்டி என்றால் அதில் இருக்கும் காகிதமும் பொதுதான். குறைந்தது இரண்டு பங்காளிகளாவது கூட இருக்கட்டும், தேதியை வாட்ஸப் குழுவில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். “நீ எதை எடுத்தாய்” என்ற கேள்வி பத்து வருடம் கழித்துக்கூட வரும்.

தை கடைசி முதல் பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் ஊரே ஈரமாக இருக்கும். ஒட்டிக்கிடக்கும் தாள்களை அப்போது பிரித்தால் கையோடு வந்துவிடும். ஏட்டை வளவு வாசல் (வீட்டு நடு முற்றம்) வெயிலில் காயப்போடவும் வேண்டாம். பட்டாலையில் (கூரை போட்ட கூடம்) நிழலில் விரித்து, ஒரு நாள் காற்றாட விட்டாலே போதும்.

வாங்க வேண்டியவை: மெல்லிய தூரிகை, பூதக்கண்ணாடி, முகக்கவசம், சதுரக் கட்டம் போட்ட நோட்டு இரண்டு, பென்சில். எனக்கு எல்லாம் சேர்த்து 640 ரூபாய். ஏட்டின் மேல் பேனா கொண்டு எதுவும் எழுதாதீர்கள்.

புல்தைலம் தடவினால் எழுத்து துலங்கும் என்று யாராவது சொல்வார்கள். அது பனை ஓலைக்கு. காகிதத்தில் தடவினால் கறை பிடித்து, பின்பக்க எழுத்தும் ஊறித் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு பேரேட்டின் நான்கு பக்கம் அப்படித்தான் போயிற்று.

பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள், வெற்றுப் பக்கம் உட்பட. நாளைக்கு ‘நடுவில் ஒரு தாளைக் கிழித்துவிட்டார்கள்’ என்று பேச்சு வந்தால் அந்த வெற்றுப் பக்கம்தான் சாட்சி.

2. எது எந்த ஏடு என்று பிரியுங்கள்

இது அரை நாள் வேலை. தேதி வாரியாக வரவும் செலவும் கலந்து ஓடினால் அது நாள்குறிப்பு. ஆள் வாரியாகப் பக்கம் ஒதுக்கியிருந்தால் பேரேடு. வருடக் கடைசியில் எல்லாவற்றையும் திரட்டிச் சரி பார்த்தது ஐந்தொகை. வட்டி மட்டும் போட்டுக் காட்டிய தனித்தாள் வட்டிச் சிட்டை. இவை போக மொய் நோட்டு, சீர் சாமான் பட்டியல், கோயில் புள்ளிக் கணக்கு (குடும்பம் வாரியாகப் போட்ட கோயில் கணக்கு) எல்லாம் கலந்து கிடக்கும்.

பழகுவதற்கு முதலில் மொய் நோட்டை எடுங்கள். தொகை சின்னது, ஒரே மாதிரி எண்கள் திரும்பத் திரும்ப வரும். பேரேட்டில் ஆரம்பித்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள், நான் விட்டேன்.

3. முழு எண்கள்: சுழி இல்லாமல் எண்ணுதல்

க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய. இந்தப் பத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 1 முதல் 10 வரையிலான குறிகள் (௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯, ௰) இந்த எழுத்துகளின் சாயலிலேயே இருக்கும். இதோடு நூறு ௱, ஆயிரம் ௲. அவ்வளவுதான்.

பழைய முறையில் சுழி, அதாவது பூஜ்யம், கிடையாது. வாயால் சொல்வதை அப்படியே எழுதுவார்கள். இருபத்து மூன்று ௨௰௩. இருநூற்று ஐந்து ௨௱௫. மூவாயிரத்து எழுநூற்று எண்பத்திரண்டு ௩௲௭௱௮௰௨. பத்தாயிரம் ௰௲, லட்சம் ௱௲. சுழியை வைத்துக் கூட்டவும் கழிக்கவும் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-லேயே விதி எழுதிவிட்டார். ஆனாலும் நம் கணக்கப்பிள்ளைகள் அது இல்லாமலேயே லட்சக் கணக்கில் வட்டி போட்டிருக்கிறார்கள்.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் நிறைய:

பக்கத்தின் உச்சியில் இருக்கும் ‘உ’ இரண்டு இல்லை, பிள்ளையார் சுழி. சிரிக்காதீர்கள், நான் முதல் பக்கத்தில் எல்லாத் தொகையோடும் இரண்டைக் கூட்டியவன்.

பெயருக்கு முன்னால் வரும் விலாசம், அதாவது முதலெழுத்துகள். கடைக்கு ‘சு. அ.’ என்று விலாசம் இருந்தால் அது 6, 8 மாதிரியே தெரியும். பேரேட்டின் முதல் நாலைந்து பக்கங்களில் வரும் விலாசங்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

1900-க்குப் பிந்திய ஏடுகளில் இரண்டு முறையும் கலந்து வரும். ஒரே பக்கத்தில் ௲௯௱௩௰௬ என்றும் ௧௯௩௬ என்றும் பார்க்கலாம். இரண்டும் 1936 தான். பக்கத்தில் ௰, ௱ எங்காவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதிய ஆளின் பழக்கம் எது என்று தெரிந்துவிடும்.

எண் அல்லாத குறிகளும் உண்டு: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். இவற்றை ஒரு அட்டையில் எழுதிக் கண் எதிரே வைத்துக்கொள்ளுங்கள்.

4. பின்னங்கள்: 320-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள்

எனக்கு மூன்று மாதம் போனது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தமிழ்ப் பின்னங்களில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று பாதி பாதியாகப் போவது: அரை, கால், அரைக்கால் (1/8), வீசம் (1/16). வீசத்துக்கு மாகாணி என்றும் பெயர். இன்னொன்று ஐந்தாகப் பிரிவது: நாலுமா (1/5), இருமா (1/10), ஒருமா (1/20), காணி (1/80). இரண்டுக்கும் பொதுவான கடைசிச் சில்லறை முந்திரி, அதாவது 1/320.

கால்குலேட்டரை எடுத்து 0.0625, 0.05 என்று மாற்ற ஆரம்பிக்காதீர்கள். எல்லாவற்றையும் முந்திரியாக எழுதுங்கள். அரை 160, கால் 80, நாலுமா 64, அரைக்கால் 40, இருமா 32, வீசம் 20, ஒருமா 16, முக்காணி 12, காணி 4, அரைக்காணி 2, முந்திரி 1. எல்லாம் முழு எண். ஒரு வீட்டின் பங்குகளை எல்லாம் கூட்டினால் 320 வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கேயோ தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பேரேட்டுக்குள் ஒரு தனித்தாளில் வீட்டுப் பங்கு விவரம் இருந்தது, எல்லாம் குறி போட்டு எழுதியது. எனக்குப் படிக்கத் தெரியாது. பழைய எழுத்து படிப்பவர் என்று ஒருவரைப் பிடித்தேன். பக்கத்துக்கு 50 ரூபாய், 140 பக்கம், 7,000 ரூபாய் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார். ஆறு வாரத்தில் அழகாகத் தட்டச்சு செய்து கொடுத்தார். அதன்படி பன்னிரண்டு பங்கு: ஒன்பது பேருக்கு ஒருமா, இரண்டு பேருக்கு அரைக்கால், ஒருவருக்குக் கால். கூட்டிப் பார்த்தால் 144, 80, 80, மொத்தம் 304. பதினாறு குறைகிறது. பதினாறு முந்திரி என்றால் சரியாக ஒருமா!

அப்புறம் கேட்க வேண்டுமா? பதிமூன்றாவது பங்காளி ஒருவர் இருக்கிறார், பட்டியலில் அவர் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று எல்லோரும் முடிவு செய்தோம். பர்மாவுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் என்று ஒரு பக்கம் பேச்சு, பிள்ளை கூட்டிக்கொண்டு (தத்தெடுத்து) போன வீட்டில் யாரோ என்று இன்னொரு பக்கம். இல்லாத ஒரு ஆளைத் தேடி இரண்டு ஊர், நான்கு வீடு அலைந்தேன். கையெழுத்துப் போடத் தயாராக இருந்த ஒரு சித்தப்பா, “அந்த ஆள் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம்” என்று பின்வாங்கினார்.

முடிச்சை அவிழ்த்தது எதிர்வீட்டு ஆச்சி. எண்பத்து நான்கு வயது. எண்சுவடியை (பழைய வாய்பாட்டுப் புத்தகம்) தன் ஐயா மடியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தவர். தாளைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, இந்த நாலும் ஒருமா இல்ல, மாகாணி. மாவும் காணியும் சேந்தா மாகாணி. இதுகூடத் தெரியாமயா காசு வாங்குனான்?” என்றார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். மா 16, காணி 4, சேர்த்தால் 20. மாகாணி 1/16, அதுவும் 20. பெயரிலேயே கணக்கு இருக்கிறது! முன்னோர் நாலு பேர், ஆளுக்குக் கால். ஒருவருக்கு நான்கு மகன்கள், அதனால் மாகாணி நான்கு (80). ஒருவருக்கு ஐந்து மகன்கள், ஒருமா ஐந்து (80). ஒருவருக்கு இரண்டு, அரைக்கால் இரண்டு (80). ஒருவருக்கு ஒரே பிள்ளை, கால் (80). மொத்தம் 320. பதிமூன்றாவது பங்காளி என்று யாரும் பிறக்கவே இல்லை. ஆச்சிக்குப் பெட்டி நிறையத் தேன்குழல் வாங்கிக்கொண்டு போனேன், “கடைத் தேன்குழலா” என்று ஒரு முறை முறைத்தார்.

குறிகளைப் பற்றி: 2019-இல் தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளுமாக 51 குறியீடுகள் ஒருங்குறியில் (யூனிகோடில்) சேர்ந்தன. அந்த அட்டவணையை அச்செடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கால் என்பதற்கான குறி ‘வ’ மாதிரி இருக்கும். ஆனால் வரவுக் குறியும் அதே சாயல்தான். ஒவ்வொரு கணக்கப்பிள்ளைக்கும் ஒரு கை. அதனால் கூட்டுத்தொகை தெளிவாகத் தெரியும் ஒரு பக்கத்தை எடுங்கள். தெரிந்த குறிகளைக் கழித்துக்கொண்டே வந்தால், தெரியாத குறி என்னவாக இருக்க முடியும் என்று மிச்சம் சொல்லிவிடும். இப்படி ஒரு கைக்கு ஒரு அட்டவணை போட எனக்குப் பத்து நாள் ஆயிற்று. அப்புறம் மணிக்கு ஐந்து பக்கம் ஓடியது.

இன்னொரு பள்ளம், மூன்று பிள்ளைகள். 320 மூன்றால் வகுபடாது. மாகாணிப் பங்குக்காரருக்கு மூன்று வாரிசு என்றால் ஆளுக்கு 20/3 முந்திரி. இந்த இடங்களில் ‘மூன்றில் ஒன்று’ என்று எழுத்தாலேயே எழுதியிருப்பார்கள், அல்லது ஏறத்தாழப் போட்டிருப்பார்கள். நீங்கள் 320-க்குப் பதில் 960-ஐ அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், மூன்றும் முழு எண்ணில் வரும். வாய்பாடு போட்டவர்களுக்கும் இந்தச் சங்கடம் தெரிந்தே இருக்கிறது: முந்திரியை மறுபடி 320 பங்காக்கினால் கீழ்முந்திரி, அதை 21 பங்காக்கினால் இம்மி. மூன்றும் ஏழும் பெருக்கினால் 21. அடுத்து மும்மிக்கு 11, அணுவுக்கு 7. இம்மியளவு என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்வது 21,50,400-இல் ஒரு பங்கு.

5. எந்த ஊர்ப் பணம்?

இந்தியக் கணக்கும் பர்மாக் கணக்கும் ரூபாய், அணா, பைதான்: 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா. இங்கே பின்னம் உதவிக்கு வரும். வீசம் என்றால் ஒரு அணா, அரைக்கால் இரண்டணா, கால் நாலணா. ௹ ௩ அரைக்கால் என்று இருந்தால் மூன்று ரூபாய் இரண்டணா. 1957 ஏப்ரல் 1-க்குப் பிறகுதான் நூறு காசு.

கொழும்புக் கணக்கு வேறு. இலங்கையில் 1872-இலிருந்தே ரூபாய்க்கு நூறு சதம். மலாயாக் கணக்கில் ‘வெள்ளி’ என்று வரும், அதுவும் நூறு சதம். சைகோன் என்றால் பியாஸ்தர். ஏட்டின் முதல் பக்கத்தில் கடை இருந்த ஊரைப் பார்க்காமல் ஒரு தொகையையும் மாற்றாதீர்கள்.

எடையிலும் இதே வம்பு. ஊர்க் கணக்கில் வீசை ஏறத்தாழ 1.4 கிலோ, பர்மாவில் 1.63 கிலோ. நெல் கணக்கில் எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். படியின் அளவே ஊருக்கு ஊர் மாறும், ஆகவே கிலோவாக மாற்றாமல் கலமாகவே விட்டுவிடுங்கள்.

6. தேதி: அறுபது வருடப் பொறி

‘தாது ௵ தை ௴’ என்று இருக்கும். தாது அறுபது வருடத்துக்கு ஒரு முறை வரும்: 1876, 1936, 1996. எது என்று கண்டுபிடிக்க முத்திரைத்தாளைப் பாருங்கள். விக்டோரியா தலை இருந்தால் பழையது. ஜார்ஜ் தலை என்றால் 1936. பெயரிலிருந்து ஆண்டுக்குப் போக, பிரபவ 1867, 1927, 1987 என்று வைத்து விரல் விட்டு எண்ணினால் போதும்.

அதோடு முடியவில்லை. தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. தாது வருடத் தை மாதம் ஆங்கிலத்துக்கு 1937 ஜனவரி. தை, மாசி, பங்குனி மூன்றும் (மார்கழிக் கடைசியும்) அடுத்த ஆண்டில் விழும்.

இதில் காசு போகும், எப்படி என்றால்: ஏட்டில் இருக்கும் பங்கு விவரத்தை வைத்து மட்டும் சொத்தைப் பிரிக்க முடியாது. பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் வேண்டும். இணையத்தில் வில்லங்கம் பார்ப்பது பெரும்பாலும் பிந்தைய வருடங்களுக்குத்தான் கிடைக்கிறது. அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும், தேடும் கட்டணம் வருடக் கணக்கு. நான் 1936-க்குக் கட்டினேன், ‘இல்லை’ என்று வந்தது, மறுபடி 1937-க்குக் கட்டினேன். இரண்டு முறை போக்குவரத்து, ஐந்து வாரம். மனுவோடு எழுதிக் கொடுக்க வேண்டியவை: ஊர், தெரு, அப்போதைய பங்குக்காரர்களின் பெயர்களும் அவர்கள் தகப்பனார் பெயர்களும். விலாசத்தை மட்டும் எழுதினால் கிடைக்காது. நகல் கைக்கு வந்ததும் 320 கூட்டலை அதிலும் ஒரு முறை போடுங்கள்; பத்திரத்தில் பங்கை எழுத்தால் எழுதியிருப்பதால் மாவும் மாகாணியும் குழம்பாது. அந்த நகல் முதலில் வந்திருந்தால் ஆச்சி வரை போக வேண்டியே இருந்திருக்காது.

7. வட்டி

‘நூற்றுக்கு முக்கால்’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 12 அணா. பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்கு 9 சதவீதம். 500 ரூபாய்க்கு எட்டு மாதம்: ஐந்து முக்கால், எட்டு தடவை, 30 ரூபாய். ஏட்டில் 30 வரவில்லை என்றால் பதறாதீர்கள். ‘நடப்பு வட்டி’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அது மாதாமாதம் மாறும் வட்டி, ஒரே விகிதத்தில் போட்டால் ஒத்து வராது.

வட்டிக்கு வட்டி சேர்த்த கணக்குகளில் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை அசலோடு சேர்த்தார்கள் என்பது முக்கியம். வருடத்துக்கு நூற்றுக்கு நூறு வட்டி என்றே வைத்தாலும், நாளுக்கு நாள் சேர்த்தாலும் நொடிக்கு நொடி சேர்த்தாலும், ஒரு ரூபாய் ஒரு வருடத்தில் 2 ரூபாய் 72 காசைத் தாண்டாது. சுவிஸ் கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி 1683-இல் வட்டிக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது தட்டுப்பட்ட எல்லை அது. இன்று கணிதத்தில் π-யைப் போலவே எங்கும் வரும் எண். கடன் வாங்கினவருக்கு அதில் என்ன ஆறுதல் என்று கேட்காதீர்கள்.

பழைய ‘வர வேண்டியது’ பக்கங்களைப் பார்த்து யாரிடமும் போய் நிற்கவும் வேண்டாம். கணக்கேட்டுப் பதிவு ஒன்றை மட்டும் வைத்து ஒருவர் மேல் கடனைச் சுமத்த முடியாது என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது, காலவரம்பும் எப்போதோ முடிந்திருக்கும்.

8. வெளியாளிடம் கொடுப்பதாக இருந்தால்

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். முதலில் பத்துப் பக்கம் மட்டும் கொடுத்து, கூட்டுத்தொகை சரியாக வருகிறதா பாருங்கள். ‘ஒருமா என்றால் எத்தனை முந்திரி’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வணக்கம் சொல்லி எழுந்து வந்துவிடலாம். மூல ஏட்டைக் கொடுக்கவே வேண்டாம், படம் போதும்.

9. படித்து முடித்த பிறகு

யாருக்கும் வேண்டாம் என்றால் எடைக்குப் போடாதீர்கள். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் ஆரம்பமே கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்து வைத்த காகிதங்கள்தான். (சென்னையில் 1950-இல் இராமானுஜன் கணிதக் கழகத்தைத் தொடங்கிய அழகப்பச் செட்டியாரும் அதே கோட்டையூர். கணக்குக்கும் காகிதத்துக்கும் அந்த ஊரில் ஏதோ இருக்கிறது.) இப்படிப்பட்ட நூலகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும்.

வீட்டிலேயே வைப்பதானால் பெட்டியைத் துடைத்து, ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டுகளைப் பருத்தித் துணியில் முடிந்து நாலு மூலையிலும் போடுங்கள். பொங்கலுக்கு வீடு திறக்கும்போது மாற்றினால் போதும். நீங்கள் போட்ட குறி அட்டவணையை ஒரு நகல் எடுத்து மூடியின் உட்பக்கம் ஒட்டி, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அதன் கீழே எழுதிவிடுங்கள்.